நாயகன் எந்த ஷாட்டில் மாறுகிறான்? காட்சிக் குறியீடுகளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு படத்தைப் பற்றி எழுத உட்காரும் பலர் முதல் வரியிலேயே வழுக்கிவிடுகிறார்கள். ‘சிவப்பு என்றால் ஆபத்து’, ‘கண்ணாடி என்றால் பிளவுபட்ட மனம்’ என்று ஓர் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தில் சிவப்பும் கண்ணாடியும் எங்கே என்று தேடுகிறார்கள். தேடினால் கிடைக்கத்தான் செய்யும். எந்தப் படத்தில்தான் கண்ணாடி இல்லை?

இந்த வழிகாட்டியின் வரிசை அதற்கு நேர்மாறானது. பாத்திரம் என்ன செய்கிறது என்பது முதலில். திரையில் என்ன தெரிகிறது என்பது அடுத்து. அதில் எது திரும்ப வருகிறது என்பது மூன்றாவது. அர்த்தம் சொல்வது கடைசியில்தான். இந்த வரிசை கலைந்தால் வேலையும் கலைந்துவிடும். ஏன் என்பதை அந்தந்தப் படியிலேயே சொல்லியிருக்கிறேன்.

பயிற்சிக்கு 1972இல் வந்த ‘தி காட்ஃபாதர்’ படத்தை எடுத்துக்கொள்கிறேன். பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா இயக்கம், கார்டன் வில்லிஸ் ஒளிப்பதிவு. மாஃபியா குடும்பத்தின் இளைய மகனான மைக்கேல் என்ற பாத்திரம் அதில் மெதுவாக, படிப்படியாக மாறுகிறது. அதனால் ஒவ்வொரு படியையும் நிறுத்திப் பார்க்க முடியும். படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். கடைசி ஷாட் வரை எல்லாவற்றையும் இங்கே பேசப்போகிறேன்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு முறை ரசிகராகப் பார்த்து முடித்த படமாக இருக்க வேண்டும். முதல் முறை பார்க்கும்போதே குறிப்பெடுத்தால் கதை கைநழுவும், குறிப்பும் உருப்படாது. அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றம் அடங்கிய பிறகுதான் கண் ஓரங்களுக்குப் போகும்.

பிரேம் வெட்டப்படாத பிரதி வேண்டும். சில பிரதிகளில் திரையை நிரப்புவதற்காக ஓரங்களை நறுக்கியிருப்பார்கள். யார் பிரேமின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறார் என்பதே நமக்கு முக்கியமான தகவல். அந்த ஓரமே இல்லையென்றால் எதைப் படிப்பது?

செல்போனில் பார்க்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் பிரைட்னெஸ்ஸை முழுவதும் ஏற்றாமல், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். வில்லிஸ் இந்தப் படத்தின் உட்புறக் காட்சிகளைத் துணிந்து இருட்டாக எடுத்தவர். வெளிச்சமான ஹாலில் உட்கார்ந்து பார்த்தால் அந்த இருட்டு வெறும் மங்கலாகத் தெரியும்.

நோட்டில் கோடு போட்டு நான்கு பத்தி பிரியுங்கள்: உடல், உடை, இடமும் ஒளியும், கேமரா. ஐந்தாவதாக ‘அர்த்தம்’ என்று ஒரு பத்தி போட கை பரபரக்கும். வேண்டாம். பத்தி இருந்தால் அதை நிரப்பத் தோன்றும். நிரப்ப ஆரம்பித்தால் பார்ப்பது நின்றுபோகும்.

படத்தின் நீளம் சுமார் 175 நிமிடம். நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது ஒரே நாளில் முடியாது, முடிக்கவும் வேண்டாம். ‘மறைந்திருக்கும் ரகசியங்கள்’ வகை யூடியூப் வீடியோக்களையும் வேலை முடியும் வரை தொடாதீர்கள். ஒருமுறை காதில் விழுந்த விளக்கம் கண்ணை விட்டுப் போகாது.

2. மாற்றத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிக் குதிக்கிறார்கள். எழுதுபவர்களும் ‘நல்லவன் கெட்டவன் ஆகிறான்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது எந்தப் படத்துக்கும் பொருந்தும் வாக்கியம். அதை வைத்துக்கொண்டு எந்தக் காட்சிக்குப் போவது என்று முடிவு செய்ய முடியாது.

வாக்கியத்தில் மூன்று இருக்க வேண்டும்: தொடக்கத்தில் பாத்திரம் செய்த அல்லது சொன்ன ஒன்று, முடிவில் செய்யும் ஒன்று, இரண்டையும் நேரில் பார்க்கும் ஓர் ஆள். மைக்கேலுக்கு நான் எழுதுவது இது: ‘குடும்பத்தின் தொழிலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று காதலியிடம் சொன்னவன், அந்தத் தொழிலுக்கே தலைவனாகி, மனைவியாகிவிட்ட அதே பெண்ணிடம் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறான்.’

சாட்சி எதற்கு என்று கேட்பார்கள். மாற்றத்தை அளக்க மாறாத ஒரு புள்ளி வேண்டும். இந்தப் படத்தில் அந்தப் புள்ளி அந்தக் காதலி, கே ஆடம்ஸ். அவள் எங்கே நிற்கிறாள், அவளுக்கும் மைக்கேலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனாலே பாதி வேலை முடிந்துவிடும்.

3. திருப்பக் காட்சிகளை மட்டும் பிரித்தெடுங்கள்

புகழ்பெற்ற காட்சிகளை எடுக்காதீர்கள். படுக்கையில் குதிரைத் தலை கிடக்கும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் மைக்கேல் அதில் இல்லை, அவனுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. நமது பட்டியலில் அதற்கு இடம் கிடையாது.

நான் எடுப்பவை: தங்கை கோனியின் கல்யாணம், அப்பா சுடப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு டெலிபோன் பூத்துக்குள் நுழைவது, ஆஸ்பத்திரி, நாற்காலியில் அமர்ந்து கொலைத் திட்டம் சொல்வது, உணவகத்தில் இருவரைச் சுடுவது, தலைமறைவாக இருந்த சிசிலியிலிருந்து திரும்பியபின் கேயைப் பள்ளிக்கூட வாசலில் சந்திப்பது, ஞானஸ்நானம், கடைசிக் கதவு.

இவற்றில் முடிவெடுக்கும் காட்சி எது, எடுத்த முடிவின் விளைவு தெரியும் காட்சி எது என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். ஆஸ்பத்திரியும் நாற்காலியும் உணவகமும் முடிவுகள். பள்ளிக்கூட வாசல் விளைவு. இரண்டையும் குழப்பினால், உடை மாறிய இடத்தில்தான் ஆளும் மாறினான் என்று எழுத நேரும். இந்தப் படத்தில் உடை எப்போதும் தாமதமாகவே வரும்.

சிசிலிப் பகுதியை நான் விட்டுவிட்டேன். வெயிலும் மலையும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தாலும், மைக்கேல் அங்கே பெரும்பாலும் காத்திருக்கிறான். அங்கே அவன் மணந்த அப்பொலோனியாவின் மரணம் அவனை இறுக்கியது உண்மைதான். அந்த இறுக்கத்தை நாம் பார்ப்பது ஊர் திரும்பிய பிறகு.

4. ஒலியை நிறுத்திவிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்

நேரம் அதிகம் பிடிக்கும் படி இதுதான். பிரித்த காட்சிகளை ஒவ்வொன்றாக மியூட் செய்து ஓடவிடுங்கள், சப்டைட்டிலையும் அணைத்துவிடுங்கள். வசனம் கேட்டால் நாம் வசனத்தைத்தான் எழுதுவோம். நம்மில் பலர் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள். காது முந்திக்கொள்ளும்.

எழுதும்போது உணர்ச்சிச் சொல் கூடாது. ‘மைக்கேல் பயப்படுகிறான்’ என்பது தீர்ப்பு. ‘மைக்கேல் தாழ்வாரத்தில் ஓடுகிறான், நின்று திரும்பிப் பார்க்கிறான்’ என்பது பார்வை. பார்வையை எழுதுங்கள், தீர்ப்பு காத்திருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக் காட்சியை இப்படிப் பார்த்தால் நோட்டில் என்ன விழுகிறது என்று சொல்கிறேன். ஆளில்லாத நீண்ட தாழ்வாரம். காவலுக்கு இருக்க வேண்டியவர்கள் இல்லை. மைக்கேல் ஒரு நர்ஸின் உதவியோடு அப்பாவின் கட்டிலை வேறு அறைக்குத் தள்ளுகிறான்.  பூங்கொத்தோடு ஒருவன் வருகிறான், ரொட்டிக்கடைக்கார என்ஸோ. அவனை வாசலுக்கு அனுப்பிவிட்டு, மைக்கேல் அப்பாவிடம் குனிந்து ஏதோ சொல்கிறான், கையை முத்தமிடுகிறான். பிறகு வாசலுக்குப் போய், என்ஸோவின் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு, கையை உள்ளே விட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவன் போல நிற்கவைக்கிறான். ஒரு கார் வந்து நின்று, பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

அதற்குப் பிறகு வருவதுதான் இந்தப் படத்தின் மிக முக்கியமான சில நொடிகள். என்ஸோ சிகரெட் பற்றவைக்கப் பார்க்கிறான். கை நடுங்குகிறது, லைட்டர் பற்றவில்லை. மைக்கேல் அதை வாங்கிப் பற்றவைக்கிறான். பற்றவைத்த பிறகு தன் கையை ஒரு கணம் பார்க்கிறான். அது நடுங்கவில்லை.

வசனம் எதுவும் இல்லை. ‘நான் இதற்காகவே பிறந்தவன் போலிருக்கிறதே’ என்ற கண்டுபிடிப்பு ஒரு பார்வையில் முடிந்துவிடுகிறது. மியூட் செய்யாமல் பார்த்தவர்கள் இந்தப் பார்வையைத் தவறவிடுவதை அடிக்கடி கண்டிருக்கிறேன். அடுத்த நிமிடமே போலீஸ் கேப்டன் மெக்ளஸ்கி வந்து மைக்கேலின் தாடையில் குத்துவதால், காட்சியின் நினைவு முழுவதும் அந்தக் குத்தின் மீது போய்விடுகிறது. குத்து வாங்கியதால் அவன் மாறினான் என்று பலர் எழுதுவதும் அதனால்தான். அவன் கை அதற்கு முன்பே நடுங்காமல் நின்றுவிட்டது.

இதே முறையில் நாற்காலிக் காட்சியைப் பாருங்கள். அண்ணன் சன்னியும் குடும்ப வக்கீல் டாம் ஹேகனும் மற்றவர்களும் அறைக்குள் நடமாடுகிறார்கள். மைக்கேல் மட்டும் வீங்கிய தாடையோடு, கால்மேல் கால் போட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். கேமரா மெதுவாக அவனை நோக்கி நகர்கிறது. ஷாட் தொடங்கும்போது அவன் கூட்டத்தில் ஒருவன். முடியும்போது பிரேமின் நடுவில் அவன் மட்டும். மற்றவர்கள் சிரிக்கிறார்கள், கேமரா சிரிக்கவில்லை.

5. திரும்பி வருவதைத் தேடுங்கள்

இப்போது நோட்டை முதலிலிருந்து படியுங்கள். ஒரு பொருள், ஒரு செய்கை, ஒரு இடம் இரண்டாவது முறை வந்தால் அடிக்கோடிடுங்கள். ஒரே ஒரு முறை வருவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அலங்காரமாக இருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டு முறை வந்தால் மட்டும் போதாது. இரண்டாவது முறை ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்க வேண்டும். மைக்கேல் விஷயத்தில் எனக்குக் கிடைத்தவற்றில் மூன்று:

முதலாவது, கைமுத்தம். படத்தின் தொடக்கத்தில், மகளுக்கு நேர்ந்த கொடுமைக்கு நியாயம் கேட்டு வந்த போனசேரா, மைக்கேலின் அப்பா விட்டோ கோர்லியோனேயின் கையை முத்தமிடுகிறார். ஆஸ்பத்திரியில் மைக்கேல் அதே கையை முத்தமிடுகிறான், மகனாகத்தான். கடைசிக் காட்சியில், அப்பாவின் பழைய தளபதி கிளெமென்சா மைக்கேலின் கையை முத்தமிடுகிறார். செய்கை ஒன்றுதான். முத்தமிடுபவரும் கை நீட்டுபவரும் மாறிக்கொண்டே வருகிறார்கள். நடுவில் வரும் ஆஸ்பத்திரி முத்தத்தை விட்டுவிட்டு முதலையும் கடைசியையும் மட்டும் ஒப்பிடுவது வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் ‘அதிகாரம் கைமாறியது’ என்ற தகவல் மட்டுமே மிஞ்சும். பாசத்தின் வழியாகத்தான் அது கைமாறியது என்ற நுட்பம் தொலைந்துபோகும்.

இரண்டாவது, கதவு. அப்பா சுடப்பட்ட செய்தியைக் கடைவாசலில் பார்த்ததும் மைக்கேல் டெலிபோன் பூத்துக்குள் ஓடுகிறான். கே கண்ணாடிக்கு வெளியே நிற்கிறாள். அவளுக்கு அவன் தெரிகிறான், பேச்சில் மட்டும் இடமில்லை. கடைசியில் அவள் நிற்பது அலுவல் அறைக்கு வெளியே. மைக்கேலைச் சுற்றி ஆட்கள் கூடுவதைப் பார்க்கிறாள். மைக்கேலின் அடியாள் நேரி வந்து கதவைச் சாத்துகிறான். அவள் முகத்தின் மீது கதவு நகர்ந்து திரையை மூடுகிறது. கண்ணாடி, மரமாகிவிட்டது. முதல் முறை கதவை மூடியது அவசரம். இரண்டாவது முறை அதை மூடுவதற்கென்றே ஓர் ஆள் இருக்கிறான்.

மூன்றாவது, குடும்பப் புகைப்படம். கல்யாணத்தில் மைக்கேல் வந்து சேராததால் புகைப்படம் எடுக்க விட்டோ மறுக்கிறார். பிறகு எடுக்கும்போது மைக்கேல் கேயின் கையைப் பிடித்து இழுத்துப் படத்துக்குள் சேர்க்கிறான். அவள் தயங்குகிறாள், அவன் விடவில்லை. கடைசிக் கதவோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்: அவளைப் பிரேமுக்குள் இழுத்தவனின் ஆள்தான் அவளைப் பிரேமிலிருந்து அழிக்கிறான். பொருள் வேறாக இருந்தாலும் ‘உள்ளே, வெளியே’ என்ற செய்கை ஒன்றே. பொருளை மட்டும் தேடினால் இந்த இணை கிடைக்காது, செய்கையைத் தேட வேண்டும்.

6. உள்ளேயா வெளியேயா என்று வரைபடம் போடுங்கள்

ஐந்தாவது படியில் கிடைத்ததைச் சரிபார்க்கும் சின்ன வேலை. ஒரு தாளில் ஒரு கட்டம் போட்டு ‘அப்பாவின் அறை’ என்று எழுதுங்கள். எந்தக் காட்சியில் யார் அந்த அறைக்குள் இருக்கிறார்கள் என்று குறியுங்கள்.

கல்யாணக் காட்சி முழுவதும் படம் இருட்டான அறைக்கும் வெயில் கொட்டும் தோட்டத்துக்கும் இடையே போய் வருகிறது. சன்னி உள்ளே, டாம் உள்ளே, மனு கொடுக்க வந்தவர்கள் உள்ளே. மைக்கேல் அந்த அறைக்குள் ஒரு முறைகூட நுழையவில்லை. தோட்டத்தில், கேயின் பக்கத்தில், வெயிலில் இருக்கிறான். உள்ளே நடப்பதை அவளுக்குக் கதையாகச் சொல்கிறான். படம் முடியும்போது அவன் உள்ளே, அவள் வெளியே. வரைபடத்தில் போட்டால் ஒரே ஓர் அம்புக்குறி. நீளமான விளக்கத்தைவிட அந்த அம்புக்குறி தெளிவானது.

7. உடையையும் ஒளியையும் இப்போது சேருங்கள்

இவற்றை ஏழாவது படிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. உடையும் நிறமும் கண்ணை உடனே பறிக்கும். முதலிலேயே எடுத்தால் மற்ற எல்லாவற்றையும் அவை இழுத்துக்கொண்டு போய்விடும்.

கல்யாணத்துக்கு மைக்கேல் கடற்படைக் காலாட்படைச் சீருடையில் வருகிறான். உடை நிறத்தைப் பற்றி எழுதுவதற்கு முன், அந்த உடை யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். அது அரசாங்கம் கொடுத்த உடை. சுற்றிலும் எல்லோரும் குடும்பத்துக்காக உடுத்தியிருக்க, அவன் ஒருவன் நாட்டுக்காக உடுத்தியிருக்கிறான். சிசிலியிலிருந்து திரும்பி பள்ளிக்கூட வாசலில் கேயின் முன் நிற்கும்போது கறுப்புக் கோட்டு, தொப்பி. பின்னால் மெதுவாக ஊர்ந்து வரும் கறுப்புக் கார். சுற்றிலும் குழந்தைகள். ‘கறுப்பு தீமையைக் குறிக்கிறது’ என்று எழுதினால் அங்கேயே முடிந்துவிடும். சீருடையைக் கழற்றியவன் வேறொரு சீருடைக்குள் போயிருக்கிறான் என்று பார்த்தால் மேலே பேச விஷயம் இருக்கும்.

ஒளியில் கவனிக்க வேண்டியது கண். விட்டோவாக நடித்த மார்லன் பிராண்டோவுக்கு வில்லிஸ் மேலிருந்து ஒளி கொடுத்தார். கண்குழிகளில் நிழல் விழுந்து, விட்டோ எங்கே பார்க்கிறார் என்று பல ஷாட்டுகளில் நமக்குத் தெரியாது. பிராண்டோவின் வயதான மேக்கப்புக்கு அந்த ஒளி பொருந்தியது என்பது அதற்கு ஒரு காரணம். நடைமுறைக் காரணத்துக்காகச் செய்த ஒன்று அர்த்தத்தையும் தாங்கி நிற்கலாம். ஒன்று இருந்தால் மற்றது பொய் என்று ஆகாது. ‘இயக்குநர் இதை நினைத்துச் செய்தாரா?’ என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் எழும். மைக்கேலின் கண்கள் எந்தக் காட்சியில் முழுவதும் தெரிகின்றன, எதில் பாதி நிழலில் போகின்றன என்று வரிசையாகக் குறியுங்கள். அந்த வரிசையில் ஒரு போக்கு தெரிந்தால் எழுதலாம். இல்லையென்றால் கார்டன் வில்லிஸே எதிரில் வந்து உட்கார்ந்தாலும் எழுத முடியாது.

8. ஒலியைத் திறந்து, படத்தோடு ஒத்துப்போகாத இடத்தைப் பிடியுங்கள்

இப்போது மியூட்டை எடுங்கள். ஒலியும் காட்சியும் ஒரே விஷயத்தைச் சொல்லும் இடங்களை விட்டுவிடுங்கள். சோகத்துக்கு வயலின் வாசிப்பதில் படிக்க எதுவும் இல்லை.

உணவகத்தில், அப்பாவைச் சுடவைத்த சொலோட்ஸோ இத்தாலிய மொழியில் பேசுகிறான், சப்டைட்டில் போடவில்லை. மைக்கேல் கேட்கிறானா இல்லையா என்றே தெரியாது. கழிப்பறையில் மறைத்து வைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வருகிறான். வெளியே வந்ததும் சுட வேண்டும் என்பது அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அவன் சுடாமல் வந்து உட்காருகிறான். முகம் குளோசப்பில். ரயில் ஓடும் இரைச்சல் ஏறிக்கொண்டே போகிறது. பிரேமில் ரயில் இல்லை. ஒலிக் கலைஞர் வால்டர் மர்ச் சேர்த்த அந்த இரைச்சலை மியூட்டில் பார்த்தபோது நாம் கண்டிருக்க முடியாது. ஆனால் மியூட்டில் பார்த்ததால்தான் அந்த முகத்தில் எவ்வளவு குறைவாக அசைகிறது என்று நமக்குத் தெரியும். முகம் மறைப்பதை ரயில் கத்துகிறது.

ஞானஸ்நானக் காட்சியிலும் இதுவேதான், பெரிய அளவில். கோனியின் குழந்தைக்கு மைக்கேல் ஞானத்தந்தையாக நிற்கிறான். சாத்தானை நிராகரிக்கிறாயா என்று பாதிரியார் கேட்கிறார், நிராகரிக்கிறேன் என்கிறான். ஆர்கன் இசையும் ஜெபமும் நிற்காமல் ஓட, திரையில் அவன் ஏவிய கொலைகள். இந்தக் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நீங்களும் எழுதப்போகிறீர்கள். எழுதினால் ஒன்றை மட்டும் சேர்த்துப் பாருங்கள்: ஆஸ்பத்திரி வாசலில் தன் கையைப் பார்த்தவன், இங்கே எந்தக் கொலையிலும் தன் கையை நுழைக்கவில்லை.

9. எதிர்ச் சோதனை: ஆரஞ்சும் பூனையும்

பிடித்த விளக்கத்தை உடைத்துப் பார்க்கும் படி. கசப்பாகத்தான் இருக்கும். செய்யாமல் விட்டால் யாராவது உங்களுக்காகச் செய்துவிடுவார்கள்.

இந்தப் படத்தில் ஆரஞ்சுப் பழம் வந்தால் சாவு வரும் என்பது பிரபலமான வாசிப்பு. விட்டோ சுடப்படுவது ஆரஞ்சு வாங்கும்போது. இறப்பது ஆரஞ்சுத் தோலை வாயில் வைத்துப் பேரனோடு விளையாடியபின், தக்காளித் தோட்டத்தில். ஐந்து குடும்பங்களும் கூடும் சமாதானக் கூட்டத்தின் மேஜையிலும் ஆரஞ்சு இருக்கிறது. அங்கே யாரும் சாகவில்லையே என்றால், ‘பின்னால் சாகிறார்களே’ என்பார்கள். மாஃபியா படத்தில் பின்னால் சாகாதவர் யார்? ‘பின்னால்’ என்ற சலுகையைக் கொடுத்துவிட்டால் மேஜையில் இருக்கும் தண்ணீர் டம்ளரும் சாவின் குறியீடாகிவிடும். இருண்ட காட்சிகளில் ஒரு பளிச்சென்ற நிறம் தேவைப்பட்டதால் ஆரஞ்சை வைத்ததாகக் கலை இயக்குநர் டீன் தவுலாரிஸ் தரப்பு விளக்கமும் உண்டு.

அதற்காக ஆரஞ்சைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. விட்டோவின் இரண்டு காட்சிகளையும் இணையாக வைத்தால் ஐந்தாவது படியின் விதிக்கு அது நிற்கும்: முதலில் பழம் வாங்கும் முதலாளி, பிறகு தோலைக் கடித்துப் பேய் வேஷம் போடும் தாத்தா. சொல்ல முடிவது விட்டோவைப் பற்றி மட்டுமே. ‘படம் முழுவதும்’ என்ற பெரிய வார்த்தையைக் கைவிடுங்கள்.

முதல் காட்சியில் விட்டோவின் மடியிலிருக்கும் பூனை இன்னொரு பொறி. அது படப்பிடிப்புத் தளத்தில் திரிந்துகொண்டிருந்த பூனை, திரைக்கதையில் இல்லை. அதைப் பற்றி எழுதக் கூடாதா? எழுதலாம். தடவிக்கொடுக்கும் கை, மரணத்தைப் பற்றிய பேச்சு என்ற முரண் திரையில் இருக்கிறது. ‘கொப்போலா பூனையின் மூலம் உணர்த்துகிறார்’ என்று தொடங்காமல், திரையில் இருப்பதிலிருந்து தொடங்கினால் போதும்.

10. இன்னொரு மரபுப் படத்தில் ஓட்டிப் பாருங்கள்

ஒரு படத்தில் மட்டும் பழகினால் அந்தப் படத்தின் பழக்கத்தையே விதி என்று நினைத்துவிடுவோம். பரதன் இயக்கத்தில், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவில் 1992இல் வந்த ‘தேவர் மகன்’ நல்ல சோதனை. அங்கேயும் வெளியூரில் வாழ நினைத்த மகன், தந்தையின் இடத்துக்கு வந்து சேருகிறான்.

தமிழ் வெகுஜனப் படத்தில் கெட்டப் மாற்றம் என்பது அறிவிப்பு. மகன் சக்தி நீண்ட முடியோடும் நகரத்து உடையோடும், காதலி பானுவோடு வருகிறான். தந்தை இறந்த பிறகு முடி வெட்டி, மீசை முறுக்கி, வேட்டியில் நிற்கிறான். தியேட்டரில் விசில் அங்கேதான் பறக்கும். புதியவர்கள் நோட்டில் ‘மாறிவிட்டான்’ என்று எழுதுவதும் அங்கேதான். இரண்டாவது படியில் சொன்ன சாட்சியை இங்கே தேடுங்கள். பானு. மீசை வந்த பிறகும் சக்தி அவளைக் கைவிடவில்லை. கிராமத்துப் பெண் பஞ்சவர்ணத்தின் கழுத்தில் தாலி கட்டும்போதுதான் பழைய வாழ்க்கைக்குத் திரும்பும் வழி அடைபடுகிறது. மைக்கேலுக்கு உடை தாமதமாக வந்தது. இங்கே உடை முந்திக்கொள்கிறது. எப்படியானாலும் உடையையும் முடிவையும் தனித்தனியாகக் குறித்திருந்தால் குழப்பம் வராது.

திரும்பி வருவது எது? ரயில். பானுவோடு ரயிலில் ஊருக்கு வந்தவன், கொலைக்குப் பொறுப்பேற்று ரயிலில் ஊரைவிட்டுப் போகிறான். இரண்டு காட்சிகளையும் மியூட்டில் அடுத்தடுத்து ஓட்டி, நான்கு பத்தியையும் நிரப்பிப் பாருங்கள். விடையை நான் சொல்லப்போவதில்லை.

11. எழுதும்போது

நோட்டில் இருக்கும் எல்லாவற்றையும் கட்டுரையில் கொட்டாதீர்கள். ஓர் இணையைத் தேர்ந்தெடுங்கள், கதவோ, கைமுத்தமோ. அதன் முதல் தோற்றத்தை விவரியுங்கள், இரண்டாவதை விவரியுங்கள், எது இடம் மாறியது என்று சொல்லுங்கள். அதன் பிறகு ஒரு பத்தி அர்த்தம். பத்து குறியீட்டைத் தொட்டுப் போகும் கட்டுரையைவிட ஒன்றைத் துருவும் கட்டுரை வாசகரைப் படத்துக்குத் திருப்பி அனுப்பும்.

‘குறிக்கிறது’, ‘உணர்த்துகிறது’ என்ற வினைகளை முதல் பிரதியில் தேடி அடியுங்கள். அடித்த இடத்தில் பெரும்பாலும் ஒரு விவரிப்பு விடுபட்டிருக்கும். ‘கதவு பிரிவைக் குறிக்கிறது’ என்பதை அடித்தால், யார் கதவைச் சாத்தினார், யார் முகம் மறைந்தது, மைக்கேல் அப்போது எங்கே நின்றான் என்று எழுத வேண்டிவரும். எழுதி முடித்தால் பிரிவு என்ற சொல்லே தேவைப்படாது.

இயக்குநரின் பேட்டியைக் கடைசியில் படியுங்கள், முதலில் வேண்டாம். அவர் சொன்னது உங்கள் வாசிப்போடு முரண்பட்டால் பதறாமல் ஒன்பதாவது படிக்குத் திரும்பி, நோட்டில் இருக்கும் விவரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள்.

அனுப்பும் முன் ஒரு வேலை: கட்டுரையை, படம் பார்த்த நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். ‘சரியா?’ என்று கேட்காதீர்கள். நட்புக்காகச் சரி என்றுவிடுவார். ‘நான் சொன்னபடி அந்த ஷாட் இருக்கிறதா என்று போட்டுப் பார்’ என்று கேளுங்கள். நினைவிலிருந்து எழுதிய ஷாட்டுகளில் கை மாறியிருக்கும், கதவை மூடியவர் மாறியிருப்பார், சிகரெட் வேறொருவர் வாயில் இருக்கும்.